பிஸ்கட் விழுந்துருச்சு

ஸ்டூலின் மேல் ஏறி நின்று ஹில்டா ஜன்னலை மெத்தையால் அடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சு மெத்தை, நல்ல கனம். மேல் முனையைத் திரைக்கம்பியோடு சேர்த்துக் கட்டி முடிப்பதற்குள் கீழ் முனை நழுவியது. அதை முழங்காலால் சுவரோடு அழுத்திப் பிடித்தபடியே, "இப்ப கேக்குதா?" என்றாள்.

கீழே தெருவில் தண்ணி லாரி ஒன்று பக்கத்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. ரகுராம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக் கேட்டான்.

"லேசா கேக்குதுக்கா. யாரோ தூரத்துல தாளிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப அது இருக்கட்டும்," என்றான் கட்டிலில் சாய்ந்திருந்த லாயிட். மூன்றே வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அவன் கண்கள் பளபளவென்றிருந்தன.

காலை பத்து மணி. பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்தப் பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் அக்காவும் தம்பியும் மட்டும்தான் குடியிருந்தார்கள். ஹில்டாவுக்கு ஐம்பத்து நான்கு வயது, பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். லாயிட் அவளைவிட ஐந்து வயது இளையவன். அவனுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும் நோய். மூக்கிலிருந்து போன ரப்பர் குழாயின் மறுமுனையில், கட்டிலுக்கடியில், ஆக்சிஜன் மெஷின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு எட்டு மணிக்கே நர்ஸ் மமதா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கருவியின் எண்ணைப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஹில்டாவை மட்டும் வெளியே கூட்டிப்போய், கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

"அக்கா, கால் எல்லாம் தண்ணகா, ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா பெரிய மாஸ்க் போடுவாங்க. மூணு நாள், நாலு நாள் தள்ளலாம். ஆனா பேச முடியாது. வீட்டுலயே இருந்தா..." என்று நிறுத்தி, "இவத்தே, இன்னிக்கே ஆகலாம். இல்லேன்னா நாளைக்கு," என்றாள்.

ஹில்டா உள்ளே வந்து எதையும் மறைக்காமல் லாயிடிடம் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவனிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது.

"அங்க போனா பாட முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப இங்கயேக்கா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பசங்ககிட்ட சொல்லாத. வாசிப்பு சோகமாயிடும்," என்றான்.

பசங்க என்பது ரகுராமும் சிந்துவும். ரகுராம் சேலத்துக்காரன், எலக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் வேலை. கீபோர்டு வாசிப்பான், ரெக்கார்டிங்கும் அவன்தான். சிந்து டிரம்ஸ். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு சந்தாபுராவிலிருந்து டிராபிக்கில் நீந்தி வந்திருந்தாள். லாயிடோடு சேர்த்து இந்த மூன்று பேர்தான் 'குடைக்கம்பி' என்ற பாட்டுக் குழுவில் மிச்சமிருந்தவர்கள்.

ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தார்கள். காலேஜ் விழாக்களில் குடைக்கம்பி என்று அறிவித்ததும் பையன்கள் நாற்காலி மேல் ஏறுவார்கள். அவர்களுடைய ஒரு பாட்டு ஒரு மழைக்காலம் முழுக்க எஃப்.எம்மில் ஓடியது. அதற்குப் பிறகுதான் லாயிடுக்கு அந்த ஏரிப் பைத்தியம் பிடித்தது.

பெங்களூரில் மண்ணைப் போட்டு மூடிய ஏரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. மொத்தம் முப்பத்திரண்டு பாட்டு. அறுபது பேர் சேர்ந்து பாடும் கோரஸ், பதினாறு வயலின், இரண்டு நாதஸ்வரம், தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்த வரிகள். ஆறு வருஷம் அதிலேயே போனது. ஒரு பாட்டில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு டிராக் இருந்ததாக ரகுராம் சொல்வான். முடிந்தது என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்ட மறுநாளே, லாயிட் முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒருவன் கனடா போனான், ஒருவன் கல்யாணம் செய்துகொண்டு பாட்டையே விட்டான், இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஏரி மட்டும் நிரம்பவேயில்லை.

போன வருஷம் ஹில்டாவின் பிறந்தநாளன்று, மதியச் சாப்பாட்டின்போது, அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ எதைத்தான் முடிச்ச லாயிட்? காலேஜை முடிக்கல. கல்யாணம் ஒண்ணரை வருஷம். இப்ப இந்த ஏரி." அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான். நான்கு மாதம் கழித்து டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஹில்டாவுக்கு ஒரு சந்தர்ப்பமும் அமையவில்லை. இவளாகப் பேச்சை ஆரம்பித்தாலும் அவன் வேறெதையாவது பேசினான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கூடவே அந்த மெஷினும் வந்தது. முதல் நாள் முழுக்க லாயிட் அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். சிந்துவோடு பார்க்க வந்த ரகுராமிடம், "டேய், இது ஈ ஃப்ளாட் சுருதியில பாடுதுடா," என்றான். ரகுராம் போனில் வைத்து அளந்து பார்த்தான். ஈ ஃப்ளாட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. லாயிட் கிடாரை மடியில் வாங்கி, மெஷினுக்கு ஏற்றபடி தந்திகளைத் தளர்த்தி, ஒரு முறை மீட்டினான். மூன்று பேரும் சிரித்தார்கள். மெஷின் தம்புராவாகிவிட்டது.

"ஏரியை என்ன பண்ணப் போறீங்கண்ணா?" என்று ரகுராம் கேட்டான்.

"எல்லாரும் மூடினாங்க. நானும் மூடிட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எங்கிருந்தோ ரகுராம் ஒரு பழைய கேசட் ரெக்கார்டர் கொண்டுவந்தான். நாலே டிராக். ஐந்தாவதாக ஒரு சத்தம் வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை அழிக்க வேண்டும். லாயிடுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எந்தப் பாட்டும் இரண்டரை நிமிஷத்தைத் தாண்டவில்லை. கதவை மூடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டேயிருக்கும் லிப்ட்டின் குரலைப் பற்றி ஒரு பாட்டு. கல்யாண மண்டபத்தில் மாறிப்போன செருப்பைப் பற்றி ஒன்று. ஹெல்மெட்டுக்குள் வருகிற தும்மலைப் பற்றி ஒன்று. சிந்து ரவை டப்பாவைக் குலுக்கினாள், பழைய சூட்கேஸைத் தட்டினாள், ஹில்டாவின் பரீட்சைப் பேப்பர் கட்டை சப்பாத்திக் கட்டையால் அடித்து டம் டம் என்று ஒரு சத்தம் கண்டுபிடித்தாள்.

முதல் வாரம் ஹில்டா தலையிலடித்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் கதவருகில் நின்று கேட்டாள். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிவர ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்பு டெஸ்ட்டின்போது தும்மல் பாட்டை முணுமுணுத்தாள், முன் பெஞ்சுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆறு வருஷமாக வீட்டில் ஓடிய ஏரிப் பாட்டுகளில் ஒரு வரிகூட அவளுக்கு ஞாபகமில்லை.

பதினோரு பாட்டு முடிந்திருந்தது. பாக்கி ஒன்றுதான். அதுதான் ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு: பிஸ்கட் விழுந்துருச்சு.

மெத்தையைக் கட்டி முடித்து ஹில்டா இறங்கினாள். சிந்து சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். ரகுராம் ரெக்கார்டரின் பொத்தானில் விரல் வைத்தான்.

"அக்கா, நீ எண்ணு," என்றான் லாயிட்.

"நானா?"

"கணக்கு டீச்சர் நீதான."

அவள் தொண்டையைச் செருமி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்றாள். வகுப்பில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல். சிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.

*டீ சூடா இருக்கு, பேச்சு ருசியா இருக்கு* என்று போக வேண்டிய பாட்டு. லாயிட் "டீ சூடா" என்றான். அதோடு மூச்சு தீர்ந்தது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் "டீ சூடா" வரைக்கும்தான் வந்தது. இந்த முறை இருமல் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் விடவில்லை. ஹில்டா முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டைக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. விரல் கருவியில் எண்பத்தொன்று என்றிருந்தது, காலையில் எண்பத்தாறு.

ரகுராம் தயங்கினான். "அண்ணா, நாளைக்கு எடுத்துக்கலாமா? ரெஸ்ட் எடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

லாயிட் ஹில்டாவைப் பார்த்தான். ஹில்டா ரகுராமைப் பார்த்து, "இன்னிக்கே எடுங்க," என்றாள். அவள் குரலில் இருந்த எதையோ கவனித்தவள் சிந்து மட்டும்தான். அவள் ஒரு கணம் ஹில்டாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சூட்கேஸை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க முழு வரி பாட வேணாம்," என்றாள். "'டீ சூடா'ன்னு விட்டுடுங்க. 'இருக்கு'ங்கிறத நாங்க மூணு பேரும் சேர்ந்து சொல்றோம். 'பேச்சு ருசியா', இருக்கு. 'கையில பிஸ்கட்', இருக்கு. அதுக்குள்ள நீங்க மூச்சு எடுத்துக்கலாம்."

லாயிட் யோசித்தான். முகம் அப்படியே விரிந்தது. "அடிப்பாவி," என்றான். "முதல்லயே தோணலையே."

மூன்றாவது முறை ஓடியது. ஓடியது என்றால் சாதாரணமாக இல்லை, மெஷின் உறுமலுக்கு மேலே லாயிடின் கிடார், அதற்கு மேலே அவனுடைய கிசுகிசுத்த குரல், அது நிற்கிற இடத்திலெல்லாம் மூன்று பேர் உற்சாகமாக "இருக்கு!" என்றார்கள். நாற்பது வருஷமாகச் சர்ச்சில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த ஹில்டாவுக்குத் தன் குரலைக் கேட்டே புல்லரித்தது. *கவனம் எங்கயோ*, இருக்கு. அடுத்து வர வேண்டியது அந்தக் கடைசி வார்த்தை. அப்போது கதவு டமடமவென்று தட்டப்பட்டது.

கீழ் போர்ஷன் நாராயணசாமி. பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையரானவர். தூணுக்குச் சட்டை போட்டதுபோல் நின்றார்.

"என்னம்மா ஹில்டா, மேல என்ன இடிக்கிறீங்க? நியூஸ் கேக்க முடியல, தலைக்கு மேல தடதடன்னு..." அடிவயிற்றிலிருந்து உருண்டு வந்த குரல் சுவரில் முட்டித் திரும்பியது.

கட்டிலிலிருந்து லாயிட் கையை நீட்டினான். "அந்தக் குரல்!"

"என்ன சொல்றான்?"

"சார்," என்று ரகுராம் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "ஒரே ஒரு வார்த்தை சொல்லணும் சார். மைக்ல."

"என்ன வார்த்தை?"

"விழுந்துருச்சு."

"எது விழுந்துச்சு?"

"பிஸ்கட் சார்."

நாராயணசாமி நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். லாயிடின் மூக்குக் குழாயைப் பார்த்ததும் கோபம் எங்கோ போனது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். நான்காவது முறை, இடம் வந்ததும், "விழுந்துருச்சு..." என்று துக்கம் விசாரிக்கிற தொனியில் இழுத்தார். சிந்துவால் தாங்க முடியவில்லை. சூட்கேஸின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். லாயிடும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான்.

"டிக்கெட் இல்லாதவன..." என்று அவரிடம் ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "பிடிச்ச மாதிரி," என்று முடித்தான்.

"அப்படிச் சொல்லு," என்றார் நாராயணசாமி. "அது எனக்கு வரும்."

ஐந்தாவது முறை அவருக்கு வந்தது, ஆனால் ரகுராமின் விரல் தவறான பொத்தானில் பட்டது. அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஹில்டா விரல் கருவியைக் கழற்றித் தன் புடவை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தால் எண்ண முடியாது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

டீ சூடா. இருக்கு! பேச்சு ருசியா. இருக்கு! லாயிடின் உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் குரல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. கையில பிஸ்கட். இருக்கு! கவனம் எங்கயோ. மூன்று பேரும் வாயைத் திறக்கப் போன அந்த இடைவெளியில், மெத்தையையும் தாண்டித் தெருவிலிருந்து பழைய பேப்பர்காரனின் குரல் வந்தது. "ஹளே பேப்பர்ர்ரே..." அதே சுருதி. எல்லோருடைய கண்களும் விரிந்தன. யாரும் நிறுத்தவில்லை. "இருக்கு!" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும், நாராயணசாமி ஓடுகிற பஸ்ஸையே நிறுத்துகிற குரலில், "விழுந்துருச்சு!" என்றார்.

சிந்து சூட்கேஸை ஒரே அடி அடித்தாள். ரகுராம் பொத்தானை அழுத்தினான்.

எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். ரகுராம் நாராயணசாமியைக் கட்டிப்பிடித்தான். "அந்த ஹளே பேப்பர்! அண்ணா, அறுபது பேர் கோரஸ் வச்சாலும் இப்படி வராது!" ஹில்டா கைதட்டிக்கொண்டிருந்தாள், தான் தட்டுகிறோம் என்று தெரியாமலேயே.

ஹெட்போனை லாயிடின் காதில் வைத்து ஒரு முறை ஓட்டிக் காட்டினார்கள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். கடைசி வார்த்தையின்போது ஒரு புருவம் மட்டும் உயர்ந்தது.

"சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துடலாமாண்ணா?" என்றான் ரகுராம். ஏரிக் காலத்துப் பழக்கம். லாயிட் என்ன சொல்வானோ என்று மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வேணாம்." ஹெட்போனைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினான். ரகுராமைப் பார்க்காமல் ஹில்டாவைப் பார்த்தான். "முடிஞ்சுதுக்கா."

அவள் ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "ம்," என்றாள். "நல்லா முடிஞ்சுது."

"ஜன்னலைத் திற. வேகுது."

ஹில்டா மறுபடி ஸ்டூலில் ஏறினாள். பின்னால் ரகுராமும் சிந்துவும் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என் குரல் இவ்வளவு கட்டையாவா இருக்கு?" என்று நாராயணசாமி ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மெத்தை மொத்தமாகச் சரிந்து விழ, மத்தியான வெயில் அறைக்குள் அப்படியே கொட்டியது. "காத்து வருதா?" என்று திரும்பாமலே கேட்டாள். "லாயிட்? அந்தப் பேப்பர்காரனுக்கும் பேர் போடணும்டா ஆல்பத்துல. கூப்பிடட்டுமா, முனையிலதான் நிக்கிறான்."

பதில் வரவில்லை. திரும்பினாள்.

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருந்தான். புருவம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தேயிருந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்க அவளுக்கு நேரம் பிடித்தது. கிட்டே போய்க் கழுத்தில் விரல் வைத்தாள். மூக்கின் முன்னால் கையை வைத்தாள். சிந்து தலை நிமிர்ந்தாள். அவள் பார்வையைத் தொடர்ந்து நாராயணசாமி ஹெட்போனைக் கழற்றினார். ரகுராம்தான் கடைசியில் பார்த்தான். "அக்கா?" என்றான், வாயில் சிரிப்பு இன்னும் போகாமல்.

ஹில்டா குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டு மெஷினின் சுவிட்சை அணைத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் வேறு சத்தங்கள் கேட்டன. மின்விசிறி. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். ரகுராம் தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

நாராயணசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் போய் எல்லாருக்கும் சொல்றேன்மா," என்றார். அந்தக் குரல் இப்போது அடிவயிற்றிலிருந்து வரவில்லை.

மறுநாள் மாலை மூன்று மணிக்குச் சர்ச்சில் ஆராதனை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹில்டா அழவில்லை. அழ வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் சபை ஐயர் வேத வசனம் வாசிக்கும்போதே அவள் தலைக்குள் பன்னிரண்டு பாட்டும் முண்டிக்கொண்டு நின்றன. தம்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு துடிப்பா என்று வெட்கமாக இருந்தது. பின் வரிசையில் கிசுகிசு கேட்டது.

"செருப்புப் பாட்டு முதல்ல. அதுக்குத்தான் எடுப்பு இருக்கு," என்றான் ரகுராம்.

"மூடு, சர்ச்சுல இருக்கோம்," என்றாள் சிந்து. கொஞ்சம் பொறுத்து, "செருப்பு மூணாவதுதான்," என்றாள்.

ஹில்டா திரும்பினாள். இருவரும் குற்றவாளிகள்போல் தலை குனிந்தார்கள். "லிப்ட் பாட்டை முதல்ல போடுங்க," என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தபோது சொந்தக்காரர்கள் வேனில் ஏறச் சொன்னார்கள். "நான் இவங்களோட வர்றேன்," என்று ஹில்டா சிந்துவின் சின்னக் காரின் பின் சீட்டில் ஏறினாள். ரகுராம் முன்னால் உட்கார்ந்தான். ராத்திரியெல்லாம் தூங்காமல் கேசட்டைப் போனில் ஏற்றியிருந்தான்.

"பாட்டு சரியா இருக்கான்னு கார்லதான் கேட்டுப் பாக்கணும்க்கா," என்றான் தயக்கத்தோடு. "எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. இப்ப வேணாம்னா..."

"கண்ணாடியை ஏத்து," என்றாள் ஹில்டா.

லிப்ட் பாட்டு ஆரம்பித்தது. சிந்து ஸ்டியரிங்கில் விரலால் தட்டினாள். சிக்னலில் பச்சை விழுந்ததை மூன்று பேரும் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்துக் கிளப்பியது. இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்றாள் சிந்து. இல்லை, அது வேண்டும் என்றான் ரகுராம். ஹில்டா இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, ஒரு வினாடி குறை, போதும் என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

வீட்டுத் தெருவில் கார் திரும்பியது. கேட்டுக்கு முன்னால் வேன் வந்து நின்றிருந்தது. வாடகை நாற்காலிகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்ற சித்தி காரைப் பார்த்ததும், இங்கே நிறுத்தலாம் என்று கையைக் காட்டினாள். மூன்றாவது பாட்டு பாதியில் இருந்தது.

சிந்து கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தாள். ஹில்டா முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கேட் பின்னால் போனது, சித்தியின் உயர்ந்த கை பின்னால் போனது. தெருமுனையில் சிந்து இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டாள்.